அடி தெரியிற கம்ப்யூட்டர்

இதைப் படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. உங்க லேப்டாப்ல டாஸ்க் மேனேஜரைத் திறந்து, இப்போ எத்தனை ப்ராசஸ் ஓடுதுன்னு பாருங்க. நூறுக்கு மேலதான் இருக்கும். அதில் எது எதற்காக ஓடுகிறது என்று எத்தனைக்கு உங்களால் சொல்ல முடியும்? பத்து? பதினைந்து? நாலு வருஷமா கம்ப்யூட்டரோடவே கிடக்கிறோம், ஆனா நம்ம மடியில் இருக்கிற மெஷினுக்குள் என்ன நடக்கிறது என்று நமக்கே தெரியாது. அது நம்ம குற்றம் இல்லை. தனி ஒரு ஆள் முழுசாகத் தெரிந்துகொள்ள முடியாத அளவுக்கு அது வளர்ந்துவிட்டது.

அதனால்தான் சொல்கிறேன். படிப்பு முடிகிறதுக்குள் ஒரு பழைய வீட்டு கம்ப்யூட்டரை உங்க டெஸ்க்டாப்புக்குள் குடிவையுங்க. நான் நாஞ்சில் நாட்டுக்காரன், கொட்டாரம். எங்க பக்கம் குளத்துக்குப் பஞ்சம் இல்லை. யாரும் பிள்ளைகளை நடுக்குளத்தில் தள்ளிவிட்டு நீச்சல் சொல்லித்தர மாட்டார்கள். கால் தரையில் முட்டுகிற இடத்தில்தான் தொடங்குவார்கள். நமக்கு காலேஜில் நேராக நடுக்குளம்தான். அடி தெரியிற கம்ப்யூட்டர் ஒன்றை நம்மில் பலர் பார்த்ததே இல்லை.

எமுலேட்டர் என்றதும் உங்களுக்கு புளூஸ்டாக்ஸோ, போனில் விளையாடிய போக்கிமானோ ஞாபகம் வரும். விஷயம் அதேதான், ஆனால் நான் சொல்கிற மெஷின் வேற. பிபிசி மைக்ரோ. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் கம்பெனி 1981 டிசம்பரில் வெளியிட்டது. பிபிசி என்றால் அந்த டிவிக்காரர்களேதான். மக்களுக்கு கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க அவர்கள் ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். அதற்கென்று செய்த மெஷின் இது. 2 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 6502 ப்ராசஸர், மாடல் பி என்றால் 32 கேபி ரேம். எம்பி இல்லை மக்கா, கேபி.

ஏன் வெள்ளைக்காரன் மெஷின் என்று கேட்கலாம். காரணம் இருக்கு. நம்ம நாட்டுப் பள்ளிகளுக்குள் அரசாங்கம் பெரிய அளவில் கொண்டுவந்த முதல் கம்ப்யூட்டர் இதுதான். 1984-85இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற பெயரில் ஒரு திட்டத்தை முன்னோட்டமாகத் தொடங்கியது. மாநில அரசுகள் வழியாக உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்குப் பிரித்துக் கொடுத்தது மொத்தம் 12,000 பிபிசி மைக்ரோ. மொஹாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் இதே மெஷினை 'யூனிகார்ன்' என்ற பெயரில் இங்கேயே தயாரித்தது. 1989இல் தீ விபத்தில் எரிந்துபோன அதே சிப் ஆலை. இப்போ செமிகண்டக்டர் பற்றி தினம் ஒரு செய்தி வருதே, அப்போது அந்த மொஹாலி கதையையும் ஒருமுறை தேடிப் படியுங்க. நம்ம அப்பா அம்மா தலைமுறையில் யாராவது பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்த்திருந்தால், அது இந்த மெஷினாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

சரி, எப்படிப் போடுவது? விண்டோஸ் என்றால் பீப்எம். இறக்கி, இன்ஸ்டால் செய்து, திறந்தால் அவ்வளவுதான். அந்தக் காலத்து ரோம் கோப்புகளும் கூடவே வந்துவிடும், தனியாகத் தேடி அலைய வேண்டாம். லினக்ஸ்காரர்களுக்கு பி-எம் என்று ஒன்று இருக்கிறது; நீங்களே கம்பைல் செய்ய வேண்டிவரலாம், அது உங்களுக்குப் பழகினதுதானே. எதுவும் இன்ஸ்டால் செய்ய அனுமதி இல்லாத லேப் மெஷின் என்றால் பிரவுசரிலேயே ஓடுகிற ஜேஎஸ்பீப் இருக்கு. கண்ட கண்ட 'ஃப்ரீ டவுன்லோட்' தளத்திலிருந்து மட்டும் எடுக்காதீங்க. 32 கேபி மெஷினுக்கு ஆசைப்பட்டு 500 ஜிபி ஹார்டு டிஸ்க்கைப் பறிகொடுக்க வேண்டாம்.

திறந்ததும் 'பூ... பீப்' என்று இரண்டு சத்தம். கருப்புத் திரையில் நாலைந்து வார்த்தை. கீழே ஒரு '>' குறி. முடிஞ்சுது. லோகோ இல்லை, சுழலும் வட்டம் இல்லை, அப்டேட் இல்லை. கரண்ட் போட்ட கணத்திலேயே ப்ரோக்ராம் எழுதத் தயாராக நிற்கும் மெஷின். அந்தக் குறிதான் பேசிக் மொழி. 'பிரிண்ட் 2+2' என்று ஆங்கிலத்தில் அடித்தால் 4 வரும்.

இங்கே சிலருக்கு எரிச்சல் வரும். அடித்தது ஒன்று, திரையில் வருவது வேறு. இந்த மெஷினில் ஷிஃப்டோடு 2 அழுத்தினால் மேற்கோள் குறி. நட்சத்திரக் குறி இருப்பது இன்னொரு மூலையில். பீப்எம் மெனுவில் கீபோர்டு பகுதியில் 'லாஜிக்கல் மேப்பிங்' என்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்தால் நம்ம கீபோர்டில் இருக்கிறபடியே வரும். கட்டளைகளைப் பெரிய எழுத்தில்தான் அடிக்கணும். சின்ன எழுத்தில் அடித்தால் 'மிஸ்டேக்' என்று ஒரே ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குக் காத்திருக்கும். நாற்பது வரி ஸ்டாக் ட்ரேஸ் பார்த்து நொந்த நமக்கு அது ஒரு நிம்மதி. 'சில்லி' என்றுகூட ஒரு எரர் மெசேஜ் இருக்கு. எந்தக் கட்டளைக்கு வரும் என்பதை நீங்களே கண்டுபிடியுங்க.

இப்போது விஷயத்துக்கு வருவோம். மெஷினைத் திறந்த உடனே இதை அடியுங்க:

?32244=65

திரையின் நடுவில் 'ஏ' என்ற ஆங்கில எழுத்து வந்து உட்காரும். 65க்குப் பதிலாக 66 போட்டால் அடுத்த எழுத்து. என்ன நடந்தது? திறந்தவுடன் வருகிற திரை 40 எழுத்து அகலம், 25 வரி உயரம். ஆக 1000 எழுத்து, 1000 பைட். அந்த ஆயிரமும் மெமரியில் 31744ஆம் இடத்திலிருந்து வரிசையாக இருக்கிறது. 12 வரி தாண்டி, 20 எழுத்து தள்ளி என்றால் 12 பெருக்கல் 40, அதோடு 20, மொத்தம் 500. 31744உடன் 500 கூட்டுங்க. அவ்வளவுதான் கணக்கு. நாம் ஒரு பைட்டை மாற்றினோம், திரை மாறியது. நடுவில் டிரைவர் இல்லை, ஜிபியு இல்லை, விண்டோ மேனேஜர் இல்லை.

பாயின்டர் என்றால் என்ன என்று செகண்ட் இயரில் சி பாடத்தில் எத்தனை பேர் மண்டையைப் பிய்த்துக்கொண்டோம்? கட்டமும் அம்புக்குறியும் போட்டுத்தான் எல்லாரும் விளக்கினார்கள். இந்த ஒரு வரியை அன்றைக்கு யாராவது காட்டியிருந்தால் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

இன்னொன்று. ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதிவிட்டு எஃப்12 அழுத்துங்க. அது இந்த மெஷினின் பிரேக் பட்டன். ப்ரோக்ராம் போயே போச்சு என்று தோன்றும். லிஸ்ட் கேட்டால் ஒன்றும் வராது. 'ஓல்டு' என்று அடித்துவிட்டு மறுபடி லிஸ்ட் கேளுங்க. முழுசாகத் திரும்பி வரும். ஏனென்றால் மெஷின் எதையும் அழிக்கவில்லை. ஆரம்ப இடத்தில் 'இங்கே ஒன்றும் இல்லை' என்று ஒரு குறி மட்டும் வைத்தது. ஓல்டு அந்தக் குறியை எடுத்துவிட்டது. டெலீட் செய்த போட்டோவை ரெக்கவரி சாஃப்ட்வேர் எப்படி மீட்கிறது என்பதற்கு இதைவிடச் சின்ன பாடம் எனக்குத் தெரியாது.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதெல்லாம் இல்லை. எங்க ஊர் பெயரைத் தமிழில் எழுதினதுதான்.

பிபிசி மைக்ரோவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் 224 முதல் 255 வரை 32 எழுத்துகளை நாமே வரைந்துகொள்ளலாம். ஒரு எழுத்துக்கு எட்டுக்கு எட்டு கட்டம், ஒரு வரிசைக்கு ஒரு பைட். மோட் 4க்கு மாறிவிட்டு, 'விடியூ 23,224' என்று தொடங்கி எட்டு எண்களைக் கொடுக்கணும். 'ட' எழுத்துக்கு 0,64,64,64,64,64,126,0. பைனரியாக மாற்றிப் பாருங்க, ஒரு செங்குத்துக் கோடும் கீழே ஒரு படுக்கைக் கோடும் தெரியும். முதலில் இருக்கிற 0வை 16 ஆக்குங்க. தலையில் ஒரு புள்ளி விழும், 'ட' இப்போ 'ட்' ஆகிவிட்டது. உயிர்மெய்யை மெய் ஆக்க ஒரே ஒரு பிட் போதும்! இங்கிலீஷ் மீடியத்தில் படித்து, தமிழை மார்க்குக்காக மட்டும் தொட்ட என்னை மாதிரி ஆளுக்கு இது ஒரு சின்ன அதிர்ச்சி.

'கொட்டாரம்' எழுத ஏழு வடிவம் தேவைப்பட்டது. ஒற்றைக்கொம்பு, க, கால், ட், ட, ர, ம். 56 பைட். எங்க ஊர்ப் பெயருக்கு அரண்மனை என்று அர்த்தம். 56 பைட்டில் ஒரு அரண்மனை என்று வைத்துக்கொள்ளுங்க. இதில் ஒன்றைக் கவனிங்க. 'கொ' வரணும் என்றால் கொம்பை நான்தான் முதலில் வைக்கணும், பிறகு க, பிறகு கால். கையால் எழுதுகிற வரிசை. ஆனால் இன்றைக்கு உங்க போனில் 'கொ' என்று அடித்தால் உள்ளே சேமிக்கப்படுவது முதலில் க, அதற்குப் பின்னால்தான் ஒகரக் குறி. யூனிகோடு நாம் உச்சரிக்கிற வரிசையில் வைத்துக்கொள்கிறது. கொம்பை முன்னால் கொண்டுபோய் வைப்பது எழுத்துருவும் அதை வரைகிற சாஃப்ட்வேரும் சேர்ந்து செய்கிற வேலை. சில பிடிஎஃப்பில் இருந்து தமிழைக் காப்பி செய்தால் கொம்பு தனியாகப் பிய்ந்து வருவதைப் பார்த்திருப்பீங்க. அது ஏன் என்று எனக்கு இந்த மெஷினில் கொம்பை என் கையால் வைத்த அன்றைக்குத்தான் புரிந்தது.

அப்புறம் அந்த 32. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மொத்தம் 31. ஒரே ஒரு இடம் மிச்சம். கொம்பு எங்கே, கால் எங்கே? கு, சு, டு, மு என்று உகர வரிசை ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம் வேற. எதை வைத்துக்கொள்வது, எதைச் சேர்த்து உண்டாக்குவது என்று உட்கார்ந்து யோசித்தால், தமிழ் டைப்ரைட்டர் செய்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று தெரியும். டேட்டா கம்ப்ரெஷன் பாடத்துக்கு இதைவிட நல்ல அசைன்மென்ட் இல்லை.

இதை வீட்டில் செய்துகொண்டிருந்தபோதுதான் பெரியம்மை பின்னால் வந்து நின்றார்கள். திரையைப் பார்த்துவிட்டு, "மக்களே, இது நாங்க படிச்ச கம்ப்யூட்டர்லா?" என்றார்கள். 80களின் கடைசியில் நாகர்கோவில் பக்கம் ஒரு பள்ளியில் ப்ளஸ் ஒன் படித்தவர்கள். வாரத்துக்கு ஒரு பீரியட், ஒரு மெஷினுக்கு ஆறேழு பேர், கீபோர்டைத் தொடுவது ஒரு ஆள். மற்றவர்கள் நோட்டில் எழுதி வைப்பார்கள். அந்த நோட்டு இன்னும் பரண்மேல் இருந்தது. நகைக்கடனுக்கு மாசாமாசம் வட்டி எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போடுகிற 14 வரி ப்ரோக்ராம். சிவப்பு மையில் டிக், பத்துக்கு எட்டு. பேப்பரில் எழுதி, பேப்பரிலேயே திருத்தி, மார்க்கும் போட்டாச்சு. மெஷினில் அது ஓடவே இல்லை.

பெரியம்மை வரி வரியாக வாசிக்க நான் அடித்தேன். ரன் கொடுத்ததும் 12 மாசத்துக்கு 12 வரி வந்து நின்றது. அவர்கள் கடைசித் தொகையை மனசுக்குள் கூட்டிப் பார்த்தார்கள். "சரியாத்தான் வருது." கொஞ்ச நேரம் கழித்து, "பொறவு எதுக்கு ரெண்டு மார்க்கைக் குறைச்சாவ?" என்றார்கள்.

ஒரு எமுலேட்டரின் மதிப்பு என்ன என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன். கிட்டத்தட்ட நாற்பது வருஷம் பேப்பராகவே கிடந்த ஒன்றை ஓட வைக்க வேறு வழி கிடையாது. இதைப் பெரிய நாடுகளும் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டன. 1986இல் பிபிசி இதே மெஷின் குடும்பத்தை வைத்து 'டூம்ஸ்டே' என்று ஒரு திட்டம் நடத்தியது. 1086இல் இங்கிலாந்தில் எடுத்த நிலக் கணக்கின் 900ஆவது ஆண்டு அது. பிரிட்டன் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊரைப் பற்றி எழுதி, படம் எடுத்து அனுப்ப, எல்லாவற்றையும் லேசர் டிஸ்க்கில் பதித்தார்கள். 15 வருஷத்தில் அதைப் படிக்கிற மெஷின்களே அரிதாகிவிட்டன. 1086இல் தோலில் எழுதியதை அப்போதும் படிக்க முடிந்தது, 1986இல் டிஸ்க்கில் போட்டது கேள்விக்குறி! 2002 வாக்கில் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் எமுலேட்டர் வழியாகத்தான் அதை மீண்டும் திறந்து காட்டினார்கள். நம்ம 12,000 மெஷின்களில் நம்ம பிள்ளைகள் எழுதியது எல்லாம் எங்கே? நோட்டுகளில்தான் இருக்கும். அதாவது பழைய பேப்பர்காரர் தராசுக்குப் போகாமல் தப்பித்த நோட்டுகளில்.

இனி நம்ம பசங்க வழக்கமாகக் கேட்கிற கேள்வி. "ப்ளேஸ்மென்ட் நேரத்தில் இதெல்லாம் தேவையா?" நியாயமான கேள்விதான், கேலி செய்ய மாட்டேன். எந்த ஹெச்ஆரும் 6502 பற்றிக் கேட்கப் போவதில்லை. ஆனால் உங்க போனைக் கையில் எடுங்க. அதற்குள் இருப்பது பெரும்பாலும் ஆர்ம் ப்ராசஸர். அந்த ஆர்ம் பிறந்தது இதே ஏகார்ன் கம்பெனியில். பிபிசி மைக்ரோவை உருவாக்கியவர்களில் முக்கியமான இருவரான சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும்தான் அதையும் வடிவமைத்தார்கள். சிப் செய்வதற்கு முன்னால் அதன் கட்டளைகள் சரிதானா என்று பார்க்க வில்சன் எழுதிய சிமுலேட்டர் பிபிசி பேசிக் மொழியில் எழுதியது, நீங்கள் '>' குறிக்குப் பக்கத்தில் அடிக்கப் போகிற அதே மொழி. 1985 ஏப்ரல் 26 அன்று முதல் ஆர்ம் சிப் வந்தபோது, அதைப் பொருத்தி ஓட்டிப் பார்த்ததும் ஒரு பிபிசி மைக்ரோவோடு இணைத்துத்தான். பழசு என்று நாம் ஒதுக்குகிறது நம்ம பாக்கெட்டில் இருப்பதற்குப் பாட்டி.

"மைக்ரோப்ராசஸர் லேப்தான் இருக்கே" என்பார்கள். இருக்கு. ட்ரெய்னர் கிட்டில் ஹெக்ஸ் எண்களை அடித்து, சிவப்பு டிஸ்ப்ளேயில் ஒரு விடையைப் பார்த்து, ரெக்கார்டில் எழுதி, கையெழுத்து வாங்கினோம். இரண்டு எண்ணைக் கூட்டினால் விடை வரும் என்று நிரூபித்தோம். அதில் விளையாட இடம் இல்லை. விளையாடாமல் யாரும் எதையும் கற்றதில்லை. பிபிசி பேசிக்குக்குள்ளேயே அசெம்பிளர் இருக்கு. அதே ப்ரோக்ராமுக்கு நடுவில் அசெம்பிளி எழுதி, திரை முழுக்க எழுத்தை நிரப்பிப் பாருங்க. பேசிக்கில் நிரப்புவதையும் அசெம்பிளியில் நிரப்புவதையும் பக்கத்தில் வைத்தால், இன்டர்ப்ரெட்டர் ஏன் மெதுவானது என்று கண்ணாலேயே தெரியும்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். எமுலேட்டரை ஓட்டினால் மட்டும் போதாது, ஒன்றை எழுதுங்க. 6502இல் சுமார் 3,500 டிரான்சிஸ்டர்தான், நாம் லேபில் படிக்கிற 8086இல் சுமார் 29,000. கட்டளை வகைகள் 56. முக்கியமான ரிஜிஸ்டர்கள் ஏ, எக்ஸ், ஒய் என்று மூன்று. மெமரியிலிருந்து ஒரு பைட்டை எடு, அது என்ன கட்டளை என்று பார், அதைச் செய், அடுத்ததுக்குப் போ. சி மொழியில் ஒரு ஸ்விட்ச் கேஸும் 64 கேபி அர்ரேயும் வைத்துத் தொடங்கலாம். கஷ்டம் வேகமாக ஓட்டுவதில் இல்லை, மெதுவாக ஓட்டுவதில்தான் இருக்கு. நம்ம 3 கிகாஹெர்ட்ஸ் மெஷின் அதைவிட 1500 மடங்கு கடிகார வேகம் கொண்டது, விட்டால் பாய்ந்துவிடும். பழைய மெஷினின் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒத்துப்போக அதைப் பிடித்து நிறுத்தணும்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் என்று சொல்லி, ப்ராஜெக்ட் சென்டரில் ஆயிரக்கணக்கில் கொடுத்து, ஏற்கெனவே பல பேர் காட்டிய முகம் பார்த்து அட்டெண்டன்ஸ் போடுகிற சிஸ்டத்தை வாங்கி வருகிறோமே, அதற்கு இது எவ்வளவோ மேல். அந்த அட்டெண்டன்ஸ் கோடில் ஒரு வரியைக் காட்டி "இது என்ன செய்யுது?" என்று வைவாவில் கேட்டால் வாயடைத்து நிற்போம். நாமே எழுதின 6502இல் எந்த வரியைத் தொட்டாலும் பதில் வரும். பேனலில் இருக்கிறவர்களுக்கு இது பழைய சாமானாகத் தெரியலாம், 'ஏஐ எங்கே?' என்று கேட்கவும் செய்யலாம். அதற்குத் தயாராகவே போங்க.

அடுத்த லீவில் வீட்டுக்குப் போனால் பரணைப் பாருங்க. அத்தை, மாமா, சித்தப்பா யாராவது 80களில், 90களில் கம்ப்யூட்டர் படித்திருந்தால் அந்த நோட்டைக் கேளுங்க. வரி வரியாக எண் போட்டு, பத்து பத்தாக ஏறியிருந்தால் அது பேசிக். போட்டோ எடுத்து வைங்க, அடித்து ஓட்டிப் பாருங்க. பீப்எம்மில் அதை ஒரு டிஸ்க் கோப்பாக சேவ் செய்து வைக்கலாம்; ஒரு கோப்பு 200 கேபி, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம்.

கடைசியாக ஒரு உதவி. 'ஊ' எழுத்தை எட்டுக்கு எட்டு கட்டத்துக்குள் என்னால் இன்னும் அடைக்க முடியவில்லை. உள்ளே இருக்கிற சின்ன 'ள' மாதிரி வடிவம் வெறும் புள்ளிக் குவியலாகத்தான் வருகிறது. இரண்டு கட்டம் எடுத்துக்கொள்ளாமல் யாருக்காவது முடிந்தால், அந்த எட்டு எண்களை இந்த இதழுக்கு அனுப்புங்க.